விமானப் பாகத்தில் குறை மறைக்கப்படுவதைக் கண்டால்: சென்னைத் தொழிலாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தர ஆய்வாளராக வேலை பார்த்த காலத்தில், ஒரு நாள் காலை ஷிப்டில் என் மேசைக்கு ஓர் ஆய்வுத் தாள் வந்தது. அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த ஒரு பிராக்கெட். அதிலிருந்த துளைக்கு டிராயிங்கில் கொடுத்திருந்த அளவு 12.000 முதல் 12.018 மில்லிமீட்டர் வரை. இரவு ஷிப்டில் அளந்ததாகப் பத்து பீஸ்களின் அளவுகள் தாளில் இருந்தன. பத்துக்கும் 12.012.

மெஷின் அப்படிக் கடையாது. டூல் தேயும், மெஷின் சூடேறும், ஒரு பீஸுக்கும் அடுத்ததற்கும் கடைசி இலக்கமாவது ஆடும். பத்தும் ஒன்றுபோல இருந்தால், அளக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை எடுத்து நானே அளந்தேன். ஏழாவது பீஸ் 12.031 காட்டியது. மேற்பார்வையாளர் அருகில் வந்து, "வண்டி வாசலில் நிற்கிறது தம்பி. பதின்மூன்று மைக்ரானுக்கா நிறுத்தச் சொல்கிறாய்?" என்று கேட்டார். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பதின்மூன்று மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் எனக்கு அந்தப் பதின்மூன்று மைக்ரானைவிட, பத்து முறை எழுதியிருந்த அந்த 12.012தான் பயத்தைக் கொடுத்தது.

அன்று எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்றே சிப்காட் பூங்கா வந்துவிட்டது. திருமுடிவாக்கம், கிண்டி, அம்பத்தூர் பட்டறைகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நாளை இதே தாள் வரும். இந்த வழிகாட்டி அவருக்காக.

எழுதாமல் விட்ட ஒரு தாள்

படிகளுக்குப் போகும் முன் ஒரு சம்பவம். 2024 ஜனவரி 5 அன்று, அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானம் அமெரிக்காவின் போர்ட்லாண்டிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களில், ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், பயன்படாத கதவு வாசலை அடைத்திருந்த தகடு பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே 177 பேர். அந்த இடத்துக்கு நேர் பக்கத்து இருக்கைகளில் யாரும் இல்லாததால் ஓர் உயிரும் போகவில்லை. அந்தத் தகட்டைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் இல்லாமலே விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்கிறது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது.

போல்ட்டுகளைக் கழற்றியது கெட்ட எண்ணத்தில் அல்ல. தகட்டுக்கு அருகில் சில ரிவெட்டுகள் பழுதாக இருந்தன. அவற்றைச் சரிசெய்வதற்காகத் தகட்டைத் திறந்தார்கள். திறந்தால் அதற்கென ஒரு பதிவு எழுத வேண்டும். பதிவு இருந்தால், மூடிய பிறகு ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவை யாரும் எழுதவில்லை, அதனால் ஆய்வாளரும் வரவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் தேடியபோது கையில் பிடிக்க ஒரு தாள்கூட இல்லை.

விமானத்தில் ஏறும் எவரும் போல்ட்டைப் பார்த்துவிட்டு ஏறுவதில்லை. மீனம்பாக்கத்தில் பேரனை வழியனுப்ப வந்து கண்ணாடிக்கு அப்பால் கையசைக்கும் பாட்டி, முகம் தெரியாத யாரோ உண்மையை எழுதியிருப்பார் என்று நம்பித்தான் வீடு திரும்புகிறார். மக்கள் நம்பிக்கை என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான். ஆய்வுத் தாளில் பொய் ஏறும்போது, விமானம் விழுவதற்கு முன்பே அந்த நம்பிக்கை உடைந்துவிடுகிறது.

முதல் படி: தவறா, மறைப்பா என்று பிரித்துப் பாருங்கள்

அளவு தவறிய பீஸ் குற்றம் ஆகாது. எந்தப் பட்டறையிலும் ரிஜெக்ட் விழும். அதற்குச் சிவப்புப் பெட்டி இருக்கிறது, படிவம் இருக்கிறது. வாடிக்கையாளரின் பொறியாளர்கள் பார்த்து, "இந்த அளவு தள்ளிப்போனாலும் பரவாயில்லை" என்று எழுத்தில் சலுகை கொடுப்பதும் அன்றாடம் நடப்பதுதான். ஆகவே டிராயிங்கை மீறிய பீஸ் வண்டியில் ஏறுவதைப் பார்த்தவுடன் குரலை உயர்த்தாதீர்கள். முதலில் சலுகைக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

கவலைப்பட வேண்டியவை வேறு. அளக்காமல் எழுதிய அளவுகள். முன்தேதியிட்ட கையெழுத்து. ரிஜெக்ட் பெட்டியிலிருந்து காணாமல் போய் நல்ல பீஸ்களோடு கலந்தவை. கட்டி எந்த உருக்குத் தொகுதியிலிருந்து வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரும் மூலப்பொருள் சான்றிதழில் உள்ள எண்ணும் பொருந்தாதது. வெப்பப் பதப்படுத்தலுக்கு அனுப்பாமலே அனுப்பியதாகக் காட்டிய ரூட் கார்டு, அதாவது பீஸ் கடந்துவந்த வேலைகளைப் பதியும் அட்டை. அளவுக்கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் காலிபிரேஷனின் தேதி முடிந்த பிறகும் அதே கருவியால் அளந்து கொடுத்த சான்று.

ரிஜெக்ட் பெட்டியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். போயிங்கின் சார்ல்ஸ்டன் ஆலையில் தர மேலாளராக இருந்த ஜான் பார்னெட் எழுப்பிய புகார்களில் ஒன்று இதுவே: குறையுள்ள பாகங்கள் எங்கே போயின என்ற கணக்கு இல்லை என்றார். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2017இல் நடத்திய ஆய்வில், குறைந்தது 53 பாகங்கள் இருக்கும் இடம் தெரியவில்லை என்பது உறுதியானது.

இரண்டாம் படி: வாய் திறப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைக்க முடியும் என்றால், இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

தைத்த நோட்டு ஒன்று வாங்குங்கள். தாள் கிழித்தால் தெரிய வேண்டும் என்பதால் சுருள்கம்பி நோட்டு வேண்டாம். அன்று பார்த்ததை அன்றே, பேனாவால் எழுதுங்கள். தேதி, ஷிப்ட், நேரம், மெஷின், எத்தனை பீஸ், எந்தக் கருவியால் அளந்தீர்கள், அந்தக் கருவியின் எண் என்ன, என்ன காட்டியது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார். அடித்தல் திருத்தல் வந்தால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்திடுங்கள். இடையில் வெற்றுப் பக்கம் விடாதீர்கள்.

கண்ணால் பார்த்ததையும், காதால் கேட்டதையும், மனதில் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். "ஏழாவது பீஸ் 12.031 காட்டியது" என்பது நான் பார்த்தது. "இரவு ஷிப்டில் அளக்கவில்லை என்று சக ஊழியர் சொன்னார்" என்பது கேட்டது. "காசு மிச்சப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறார்கள்" என்பது ஊகம், அதை எழுதவே வேண்டாம். பின்னாளில் வழக்கறிஞரோ தணிக்கையாளரோ இந்த நோட்டைப் புரட்டும்போது, ஓர் ஊகம் பத்து உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. டிராயிங்கைப் படம் எடுக்காதீர்கள். நிறுவனத்தின் கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றாதீர்கள். வேலையில் சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருப்பீர்கள். அது போதாதென்று, ராணுவ விமானப் பாகமாக இருந்தால் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டமும் குறுக்கே வரலாம். நேர்மையான புகாரை, "இவர் ஆவணத் திருடர்" என்று சொல்லி ஒரே நாளில் திசைதிருப்பிவிடுவார்கள். அசல் தாள்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அவை எந்தக் கோப்பில், எந்தத் தேதியில் இருக்கின்றன என்பதை மட்டும் உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உள்வழியை எழுத்தில் திறங்கள்

எந்தப் புகாருக்கும் முதல் இடம் குறைப்பதிவுப் படிவம். பட்டறைகளில் என்சிஆர் என்று சொல்வார்கள். அதை எழுத உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. விமானத் தொழிலின் தரநிலையான ஏஎஸ்9100, குறையுள்ள பாகத்தை அடையாளமிட்டுப் பிரித்து வைக்கச் சொல்கிறது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தயாரிப்பின் பாதுகாப்பில் தமக்குள்ள பங்கும், நேர்மையான நடத்தையின் முக்கியத்துவமும் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் நிறுவனம் அந்தச் சான்றிதழை வரவேற்பறையில் மாட்டியிருந்தால், நீங்கள் எழுதுவது அந்தச் சான்றிதழ் கேட்கும் வேலையைத்தான்.

நான் எழுதினேன். எழுதியதும் சரக்கு நின்றது. அந்தச் சரக்கிலிருந்த நாற்பது பீஸையும் மறுபடி அளந்ததில் ஏழு தேறவில்லை. இரண்டு வாரத்தில் என்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் அட்டைப் பெட்டிகளுக்கு நாடா ஒட்டினேன். அந்த எட்டு மாதத்தில் என்னோடு சாப்பிட உட்கார்ந்தவர் ஒரே ஒருவர். இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இப்படி நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் தாக்குப்பிடிப்பார்.

வாய்மொழியாகச் சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தால், சொன்ன அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "இன்று காலை தங்களிடம் தெரிவித்தபடி, இந்தத் தொகுதியில் ஏழாவது பீஸின் துளை அளவு மீறியிருக்கிறது. அடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டுகிறேன்." குற்றச்சாட்டுத் தொனி வேண்டாம். பதில் வராவிட்டாலும், நீங்கள் தெரிவித்ததற்கு அந்த மின்னஞ்சலே சாட்சி.

மேற்பார்வையாளர், தர மேலாளர் ஆகியோரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் இரண்டு கதவுகள் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 177ஆம் பிரிவின்படி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுபவையும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவையும் ஊழியர் புகாருக்கென ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்காமல் இருக்க அதில் பாதுகாப்பு இருக்க வேண்டும். தக்க சமயத்தில் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகவும் வழி இருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் இந்த வரையறைக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

சிறு பட்டறைகள் பெரும்பாலும் வராது. அங்கே இரண்டாவது கதவுதான் வலுவானது: பாகத்தை வாங்கும் நிறுவனம். சிறு சப்ளையர் செய்யும் பாகத்துக்கும் பொறுப்பேற்பது, உற்பத்தி அங்கீகாரம் வைத்திருக்கும் பெரிய நிறுவனம்தான். தவறான பாகம் தங்கள் விமானத்தில் ஏறினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரிய நிறுவனங்கள் பலவும் சப்ளையரின் ஊழியர்களும் பயன்படுத்தக்கூடிய புகார் வழியை வைத்திருக்கின்றன. வாடிக்கையாளரின் தரப் பிரதிநிதி பட்டறைக்கு வரும் நாளும் ஒரு வாய்ப்பு.

இந்தக் கதவு திறக்கும் என்பதற்கு 2023இல் நடந்த ஒன்று சான்று. போர்ச்சுகலின் டாப் விமான நிறுவனத்தின் பராமரிப்புக் கூடத்தில், இன்ஜினின் அதிர்வைக் குறைக்கும் ஒரு சிறிய டேம்பரைப் பிரித்துப் பார்த்தார்கள். சான்றிதழ் அதைப் புதியது என்றது, பாகமோ தேய்ந்திருந்தது. அங்கிருந்தவர்கள் தோளைக் குலுக்கிவிட்டு மாட்டிவிடவில்லை. இன்ஜின் தயாரிப்பாளரான சாஃப்ரானிடம் கேட்டார்கள். சான்றிதழ் போலி என்று பதில் வந்தது. ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற லண்டன் நிறுவனம் போலிச் சான்றுகளோடு விற்ற பாகங்கள் உலகெங்கும் நூறுக்கும் மேற்பட்ட இன்ஜின்களில் இருந்தது அதன்பிறகே தெரியவந்தது. எல்லாம் ஒரு கூடத்தில் யாரோ ஒருவர் தாளையும் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தொடங்கியது.

நான்காம் படி: வெளியே போவதானால் எந்த வாசல்

உள்வழி அடைபட்டு, ஆபத்தும் தொடர்கிறது என்றால் வெளியே போகலாம். எந்த வாசல் எதற்கு என்று தெரியாமல் தட்டுவதில்தான் பலருடைய ஆண்டுகள் வீணாகின்றன.

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, இந்திய விமானங்களுக்கும் அது அங்கீகரித்த உற்பத்தி, பராமரிப்பு நிறுவனங்களுக்கும் உரிய அதிகாரி. அதன் தென்மண்டல அலுவலகம் சென்னை விமான நிலையப் பகுதியிலேயே இருக்கிறது. ஏர்சேவா தளத்தில் போடாதீர்கள். அது தாமதமான விமானம், தொலைந்த பெட்டி போன்ற பயணிகளின் குறைகளுக்கானது.

உங்கள் பாகம் வெளிநாட்டு விமானத்தில் ஏறுவதானால், அந்நாட்டு அதிகாரிகளிடமும் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமையும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் ரகசியம் காக்கும் புகார் வழிகளை வைத்திருக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் 90 நாளுக்குள் முறையிடலாம் என்ற அமெரிக்கச் சட்டம், அந்நாட்டுத் தொழிலாளரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அம்பத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு அதை நம்பி இறங்காதீர்கள்.

மத்திய அரசு நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள், அல்லது அரசு நிறுவனத்தின் ஆய்வாளர் பார்க்காமலே ஒப்புதல் முத்திரை குத்துகிறார், காசு வாங்குகிறார் என்றால், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உரிய வாசல். 2004 ஏப்ரலில் வந்த பொதுநலன் கருதித் தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புத் தீர்மானத்தின் கீழ், பெயரை ரகசியமாக வைத்துப் புகார் பெறும் பொறுப்பு அதற்குத்தான்.

அந்தத் தீர்மானம் சும்மா வரவில்லை. தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேட்டைப் பற்றி, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பெயரோடு அந்தக் கடிதம் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியிருந்தது. எனவே ஆணையத்துக்கு எழுதும் முறையை ஓர் எழுத்தும் பிசகாமல் பின்பற்றுங்கள்:

- கடிதத்தை மூடி ஒட்டிய உறையில் வையுங்கள். உறையின் மேல் இது பொதுநலன் கருதிய வெளிப்படுத்தல் என்பதை, பிஐடிபிஐ (PIDPI) என்ற சுருக்கத்தை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதிக் குறிப்பிடுங்கள்.
- உறையின் மீது உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதாதீர்கள். கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் எழுதுங்கள். பெயரில்லாத மொட்டைக் கடிதத்தை இந்தத் தீர்மானத்தின் கீழ் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.
- கடிதத்தின் உடலில், "நான் ஆய்வு செய்தபோது" என்பதுபோல் உங்களைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு அனுப்பப்படுவது அந்த உடல்தான்.
- அதே கடிதத்தின் நகலை வேறு அலுவலகங்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் ரகசியம் போய்விடும்.

தனியார் நிறுவனத்தின் உள் மறைப்புக்கு இந்தத் தீர்மானம் பொருந்தாது. புகார் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டம் என்று 2014இல் நாடாளுமன்றம் ஒன்றை நிறைவேற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு வெளியாகவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒரு சட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு, பாகங்களை உலகுக்கே செய்து கொடுப்போம் என்று நாம் பேசுவது எனக்கு வலிக்கிறது. தனியார் பட்டறைத் தொழிலாளி இன்று நம்ப வேண்டியது தன் நோட்டையும், நல்ல வழக்கறிஞரையும், வாடிக்கையாளரின் தரப் பிரிவையும்தான்.

ஐந்தாம் படி: உங்களையும் வீட்டையும் காத்துக்கொள்ளுங்கள்

வெளியே புகார் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர் ஆகியோரோடு தொழிற்சாலைத் தொழிலாளரும் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள். தமிழ்நாடு மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்றப் பகுதியில் இயங்குகிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வேலையிலிருந்து நீக்கிவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் முறையிடலாம். தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் விசாரித்தால் உங்கள் பகுதிக்குரிய அலுவலரைச் சொல்வார்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், கடந்த ஆண்டுகளின் பணி மதிப்பீடுகள் ஆகியவற்றின் நகல்களை வேலையில் இருக்கும்போதே வீட்டில் சேர்த்து வையுங்கள். நல்ல மதிப்பீடு பெற்றவர் புகாருக்குப் பின் திடீரென்று "திறமையற்றவர்" ஆனால், அந்தத் தாள்களே பேசும்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் சுமக்கும் பாரம் ஆளைத் தின்றுவிடும். முன்பு சொன்ன போயிங் தர மேலாளர் பார்னெட் 2017இல் வேலையை விட்டார், ஏழாண்டு வழக்கு நடத்தினார், 2024 மார்ச்சில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே இறந்துபோனார். தற்கொலை என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். இந்தப் பாதையில் நடப்பவர் தூக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், வீட்டார் அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடக் கூடாது. பேச ஆள் தேவை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். என்னோடு பேக்கிங் பிரிவில் சாப்பிட உட்கார்ந்த அந்த ஒருவர் செய்ததை எந்தச் சட்டமும் செய்திருக்காது. உங்கள் பட்டறையில் யாராவது இப்படித் தனித்து விடப்பட்டிருந்தால், நாளை மதியம் உங்கள் டிபன் டப்பாவை அவர் பக்கத்தில் கொண்டுபோய்த் திறங்கள்.

செய்தியாளரிடமோ சமூக வலைத்தளத்திலோ முதலில் போகாதீர்கள். அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்த புகார் இல்லாமல் வெளியே பேசினால், அவதூறு வழக்கு உங்கள் மீது திரும்பும்.

ஆறாம் படி: விசாரணைக்கு அழைக்கும் நாள்

இது வர மாதங்கள் ஆகலாம். எனக்கு எட்டாவது மாதம் வந்தது. வாடிக்கையாளரின் தணிக்கையாளர் ஒருவர் பழைய குறைப்பதிவுகளைப் புரட்டும்போது என் கையெழுத்தைப் பார்த்து, எழுதியவரை அழைக்கச் சொன்னாராம். பேக்கிங் பிரிவிலிருந்து கை கழுவிவிட்டுப் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "பத்து அளவுகளும் ஒன்றாக இருப்பதை எப்படிக் கவனித்தீர்கள்?" நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு அந்த ஆண்டின் இரவு ஷிப்ட் தாள்கள் அத்தனையையும் கொண்டுவரச் சொன்னார்.

அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வந்தால், நோட்டை முந்தைய இரவே ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அளந்ததை அளந்தேன் என்று சொல்லுங்கள், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். யார் கெட்டவர் என்று கேட்டால், அது எனக்குத் தெரியாது, பீஸ் 12.031 காட்டியது தெரியும் என்று சொல்லுங்கள். வெளியே வந்ததும், என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்பதைத் தேதியிட்டு அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.